முடங்கியது என்றால் எது முடங்கியது?

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் காலத்தில் முற்பகல் செய்தி பெரும்பாலும் ஒன்றுதான்: உறுப்பினர்கள் அமளி, அவை பன்னிரண்டு மணி வரை ஒத்திவைப்பு. மாலையில் அதற்கு ஒரு கணக்கு வந்துவிடும். இன்று இத்தனை மணி நேரம் வீண், நிமிடத்துக்கு இத்தனை லட்சம், ஆக மக்கள் வரிப்பணம் இத்தனை கோடி பாழ். கோபம் நியாயமானது. ஆனால் கணக்கைத் தவறான இடத்தில் போடுகிறோம். உறுப்பினர்களின் சம்பளமும் கட்டடத்தின் மின்கட்டணமும் அவை நடந்தாலும் ஆகிற செலவுதான். அவை ஒத்திவைக்கப்படும்போது பணத்தைவிடப் பெரிய ஒன்று கை நழுவிப் போகிறது. அது என்னவென்று தெரிய, அங்கே ஒரு சாதாரண நாள் எப்படி ஓட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மக்களவை காலை 11 மணிக்குக் கூடுகிறது. முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். அன்று கேட்கப்படும் கேள்விகள் அன்று காலையில் தோன்றியவை இல்லை. உறுப்பினர் குறைந்தது 15 நாள்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஒருவர் ஐந்து கேள்விகள் வரை தரலாம். அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு தொகுதிக்கு ஒதுக்கப்படுகிறது. வந்து குவியும் கேள்விகளைக் குலுக்கிப் போட்டு, 20 கேள்விகளை நட்சத்திரக் குறியிட்டவையாகவும் 230 கேள்விகளைக் குறியிடாதவையாகவும் பட்டியலிடுகிறார்கள். மாநிலங்களவையில் இது 15, 160. குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அத்தோடு முடிந்தது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் அந்தப் பதிலின் மீது இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். பிறகு சபாநாயகர் அனுமதித்தால் மற்ற உறுப்பினர்களும் கேட்கலாம்.

முழு விஷயமும் அந்தத் துணைக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதல் கேள்விக்கான பதில் அமைச்சகத்தில் பல மேசைகளைக் கடந்து, ஒவ்வொரு சொல்லும் பார்க்கப்பட்டு வருவது. அதை அமைச்சர் வாசிப்பதுகூட இல்லை. ‘விவரம் அவையில் வைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி சொல்லி உட்கார்ந்துவிடலாம். துணைக் கேள்விக்கு அந்த வசதி கிடையாது. அது எங்கிருந்து வரும், எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு அமைச்சகத்திலும் தங்கள் முறைக்கு முதல் நாள் அதிகாரிகள் உட்கார்ந்து, என்னென்ன துணைக் கேள்விகள் வரக்கூடும் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி ஒரு கோப்பு தயாரிக்கிறார்கள். அமைச்சர் அதைப் படித்துவிட்டு வர வேண்டும். அவையில் அதிகாரிகளுக்கென்று ஒரு மாடம் உண்டு. சிக்கலான கேள்வி விழுந்தால் அங்கிருந்து துண்டுச் சீட்டு அமைச்சரின் கைக்குப் போகும். சில நொடிகளுக்குள் அமைச்சர் அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்க வேண்டும். துறையை அறிந்தவர் யார், கோப்பை மட்டும் நம்பி வந்தவர் யார் என்பது அந்த நொடிகளில் நாடு முழுவதற்கும் தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்ட தமிழக மீனவர்களும் படகுகளும் எத்தனை என்று ராமநாதபுரத்துக்காரரோ நாகப்பட்டினத்துக்காரரோ கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துப் பதிலில் ஆண்டுவாரியாக எண்ணிக்கை வரும், தூதரகம் மூலம் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறோம் என்ற வரியும் வரும். அந்தத் தாளில் பிழை இருக்காது, ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த மீனவக் குடும்பமும் எதுவும் செய்ய முடியாது. அதே உறுப்பினர் எழுந்து, ‘விடுவிக்கப்பட்ட படகுகளில் மீண்டும் கடலுக்குப் போகும் நிலையில் திரும்பியவை எத்தனை? பறிபோன படகுக்கு ஈடு தர ஒன்றிய அரசிடம் திட்டம் உண்டா, இல்லையா?’ என்று கேட்டால், உண்டு அல்லது இல்லை என்று அமைச்சர் சொல்லியாக வேண்டும். மழுப்பினால் மழுப்பியதாகவே அவைக் குறிப்பில் பதிவாகும்.

வரலாற்றில் இதற்குப் பெரிய சான்று முந்த்ரா விவகாரம். ஆயுள் காப்பீடு தேசியமயமான மறு ஆண்டு, 1957 ஜூன் மாதத்தில், எல்.ஐ.சி. நிறுவனம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. பாலிசிதாரர்களின் பணம் ஏன் அங்கே போனது என்ற கேள்வி மக்களவைக்கு வந்தது. வந்த பதில் உறுப்பினர்களுக்குப் போதவில்லை, விடாமல் கேட்டார்கள். அந்த டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி ஆதாரங்களை அடுக்கிப் பேசினார். அவர் ஆளும் காங்கிரஸின் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேள்வி கேட்ட ஆளுங்கட்சி உறுப்பினருக்கு அவையில் இடமும் நேரமும் இருந்தது. அது இல்லாமல் இவ்வளவும் நடந்திருக்காது.

இனி அந்தக் காலைச் செய்திக்குத் திரும்புவோம். 11 மணிக்கு அவை கூடி, சில நிமிடங்களில் ஒத்திவைக்கப்பட்டால், அன்றைய 20 நட்சத்திரக் கேள்விகளும் வெறும் எழுத்துப் பதில்களாகிவிடுகின்றன. அந்தப் பதில்கள் தாக்கல் செய்யப்பட்டதாகவே கொள்ளப்படும், இணையத்திலும் ஏறிவிடும். அமைச்சர் எழுந்து நிற்க வேண்டியதில்லை, தயாரித்த கோப்பைத் திறக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து குலுக்கலில் இடம்பிடித்த உறுப்பினருக்கு அந்த வாய்ப்பு அவ்வளவுதான், அடுத்த நாள் வேறு அமைச்சகத்தின் முறை. கேள்வி நேரம் முடங்கினால் அரசுக்கு இழப்பு எதுவும் இல்லை. கேட்கும் தரப்புக்குத்தான் இழப்பு. எதிர்க்கட்சிகள் தங்கள் எதிர்ப்பைக் காட்ட இந்த ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுப்பது தங்கள் கையில் இருக்கும் கூர்மையான கருவியைத் தாங்களே கீழே போடுவது என்று நான் கருதுகிறேன். தொலைக்காட்சி நேரலை காலையில் அதிகம் பார்க்கப்படுகிறது என்பது அதற்குப் போதுமான காரணம் ஆகாது.

மாநிலங்களவை இதற்கு ஒரு வழி தேடியது. ஹமீத் அன்சாரி தலைவராக இருந்த 2014-இல் கேள்வி நேரத்தை 11 மணியிலிருந்து 12 மணிக்கு மாற்றினார்கள். முதல் மணி நேரத்தில் கொதிப்பு அடங்கிவிடும், பிறகு கேள்விகள் தப்பிக்கும் என்பது எண்ணம். ஆனால் அமளியும் பல நாள்களில் 12 மணிக்குக் கூடவே வந்தது. அரசின் பக்கமும் குறை உண்டு. கொரோனா காலத்தில் 2020 செப்டம்பரில் நடந்த மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்டு, எழுத்துப் பதில்கள் மட்டும் வழங்கப்பட்டன. உறுப்பினர்கள் நேரில் வந்து உட்கார்ந்து மசோதாக்களை நிறைவேற்ற முடிந்த அவையில், அமைச்சர் எழுந்து பதில் சொல்ல மட்டும் என்ன தடை இருந்தது என்பதற்கு நிறைவான விளக்கம் கிடைக்கவில்லை.

கேள்வி நேரம் முடிந்ததும் பார்வையாளருக்குச் சலிப்பூட்டும் சில நிமிடங்கள் வரும். அமைச்சர்கள் வரிசையாக எழுந்து அறிக்கைகளையும் அறிவிக்கைகளையும் தாக்கல் செய்வார்கள். தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள் வெளிச்சத்துக்கு வருவதும் இப்படித்தான். சத்தமில்லாமல் நடக்கும் காரியம், ஆனால் அரசின் பல கணக்குகள் மக்கள் சொத்தாவது அந்த நிமிடத்தில்தான்.

அதன்பின் வருவது நேரமில்லா நேரம். நடைமுறை விதிப் புத்தகத்தில் இந்தப் பெயரையே காண முடியாது; அறுபதுகளில் பழக்கமாகத் தொடங்கி நிலைத்துவிட்டது. முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, தொகுதியின் அவசரப் பிரச்சினையை இரண்டு மூன்று நிமிடங்களில் சொல்லலாம். நம் கைப்பேசிக்கு வரும் ‘நாடாளுமன்றத்தில் கர்ஜித்த எம்.பி.’ காணொளிகளில் பெரும்பாலானவை இந்த நேரத்தில் எடுத்தவை. பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: நேரமில்லா நேரத்தில் எழுப்பப்படுவதற்கு அமைச்சர் அங்கே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கர்ஜனை பதிவாகும், பதில் வராமலும் போகலாம். மக்களவையில் 377-ஆவது விதியின்கீழ் எழுப்பினால் அமைச்சகம் பின்னர் எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். அதில் 250 சொற்களுக்குள் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிக்க முடியும், காணொளிக்கு அவ்வளவு பொருத்தமாக இராது. உங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு நடைமேம்பாலம் வேண்டும் என்றால் இரண்டாவது வழிதான் பயன் தரும்.

இங்கே அதிகம் பேசப்படாத ஓர் ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். அமைச்சர் ஒருவர் அவையில் ‘பரிசீலிக்கப்படும்’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’, ‘நான் விசாரிக்கிறேன்’ என்று சொன்னால் அது காற்றோடு போவதில்லை. எந்தெந்தச் சொற்றொடர்கள் உறுதிமொழி ஆகும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அப்படிச் சொன்ன ஒவ்வொன்றும் குறித்துக்கொள்ளப்பட்டு, அரசு உறுதிமொழிகள் குழுவின் கணக்கில் ஏறும். மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. தாமதமானால் அவகாசம் கேட்க வேண்டும், முடியாது என்றால் கைவிட அனுமதி கேட்க வேண்டும். குழு அதிகாரிகளை அழைத்து ஏன் என்று விசாரிக்கும். ஆண்டுக்கணக்கில் தூங்கும் உறுதிமொழிகளும் நிறைய உண்டு. ஆனாலும் அவை தூங்குகின்றன என்று நமக்குத் தெரிவதே இந்தக் குழுவால்தான். உறுதிமொழி பிறப்பதோ பெரும்பாலும் கேள்விக்கான பதிலில். நெருக்கிக் கேட்கும் நேரம் போனால் உறுதிமொழிகளும் குறையும்.

உணவு இடைவேளைக்குப் பின் சட்டம் இயற்றும் பணி. தொலைக்காட்சியில் காலி இருக்கைகளைக் காட்டி வருத்தப்படுவது இந்த நேரத்தில்தான். மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் இருந்தால் அவை நடக்கலாம் என்பது அரசியல் சட்டத்தின் ஏற்பாடு. மக்களவைக்கு அது 55 பேர். எல்லோரும் எல்லா நேரமும் உட்கார்ந்திருப்பதை எந்த நாட்டு நாடாளுமன்றமும் எதிர்பார்ப்பதில்லை. மசோதாவை உண்மையில் பிரித்துப் பார்க்கும் வேலை வேறு அறையில் நடக்க வேண்டும் என்பதற்காகவே துறைவாரி நிலைக்குழுக்கள் 1993-இல் ஏற்படுத்தப்பட்டன. இப்போது 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கேமரா கிடையாது, கொறடா உத்தரவு கிடையாது, அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. மூடிய கதவுக்குள் கட்சி மறந்து பேசுவது அங்கே சாத்தியம், பேசியும் இருக்கிறார்கள்.

காலி இருக்கையைவிட நமக்குக் கவலை தர வேண்டியது இந்த அறைகள் காலியாவதுதான். பி.ஆர்.எஸ். ஆய்வு அமைப்பின் கணக்குப்படி 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. 2024-இல் முடிந்த 17-ஆவது மக்களவையில் அது 16 சதவீதம். வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா 2021 நவம்பர் 29 அன்று இரு அவைகளிலும் விவாதமின்றிச் சில நிமிடங்களில் நிறைவேறியது. ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்த விவகாரம் அது. சட்டம் ஏன் வந்தது, ஏன் போனது என்று இரு தரப்பும் பேசி அவைக் குறிப்பில் ஏற்றியிருக்க வேண்டிய நாள்.

அந்தச் சட்டங்கள் உள்ளே வந்த விதமும் நினைவில் இருக்க வேண்டும். சபாநாயகர் ஆதரிப்போர் ‘ஆம்’ என்க, எதிர்ப்போர் ‘இல்லை’ என்க என்று கேட்டு, சத்தத்தை வைத்து முடிவு சொல்வது குரல் வாக்கு. யாராவது மறுத்தால், மணி ஒலித்து, உறுப்பினர்கள் உள்ளே வந்தபின் கதவுகளை அடைத்து, பொத்தானை அழுத்தி எண்ணும் வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் அப்படிக் கேட்டன. உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி, அவையை நடத்திய துணைத் தலைவர் ஏற்கவில்லை. அமளிக்கு நடுவே மசோதாக்கள் குரல் வாக்கில் நிறைவேறின. இதில் இழந்தது முடிவு மட்டும்தான் என்று எண்ணக் கூடாது. குரல் வாக்கில் யார் எந்தப் பக்கம் என்ற பதிவு இல்லை. உங்கள் உறுப்பினர் அன்று ஆம் என்றாரா, இல்லை என்றாரா, வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தாரா என்று இன்று எந்த ஆவணத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. எண்ணுவதன் மதிப்பு 1999 ஏப்ரல் 17 அன்று தெரிந்தது. 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது.

பணம் பற்றிய முடிவிலும் இதே கதை. ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் மக்களவை தனித்தனியே விவாதிக்க வேண்டும். நேரம் போதாது என்பதால் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசி நாளில் மிச்சம் அனைத்தையும் மொத்தமாக வாக்குக்கு விடுவது பழைய வழக்கம். 2023 மார்ச் 23 அன்று ‘மிச்சம்’ என்பது எல்லாமுமாக ஆகிவிட்டது. சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகள் ஒன்றுகூட விவாதிக்கப்படாமல் நிறைவேறின. அந்தக் கூட்டத்தொடரை முடக்கியதில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. அதானி விவகாரத்தில் கூட்டுக் குழு விசாரணை கேட்டு எதிர்க்கட்சிகள் முழங்கின, லண்டன் பேச்சுக்கு ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆளுங்கட்சியினரும் முழங்கினார்கள். ஆளுங்கட்சியே அவையை நிறுத்தும்போது அமளியை எதிர்க்கட்சியின் குணம் என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் நோய் எங்கே இருக்கிறது? எந்த நாளில் எதைப் பேசுவது என்ற முடிவு ஏறக்குறைய முழுவதும் அரசின் கையில் இருப்பதில் என்பது என் கணிப்பு. அலுவல் ஆய்வுக் குழுவில் எல்லாக் கட்சியும் உட்காரும், நேரம் பங்கிடப்படும், ஆனால் பொருளைக் கொண்டுவருவது அரசு. அன்றைய அலுவலை நிறுத்திவைத்து வேறு பொருளைப் பேச, ஒத்திவைப்புத் தீர்மானம், மாநிலங்களவையின் 267-ஆவது விதி என்று எதிர்க்கட்சிக்கு வழிகள் எழுத்தில் உண்டு. தலைவர் அனுமதித்தால்தான் நடக்கும், அனுமதி அரிதாகவே கிடைக்கிறது. அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் அலுவலுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. 2015 ஏப்ரலில் திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியபோது நாடே வியந்தது. தனிநபர் மசோதா ஒன்று இரு அவைகளையும் கடந்து சட்டமானது 1970-க்குப் பிறகு நடக்கவே இல்லை. சிவாவின் மசோதாவும் மக்களவையைத் தாண்டவில்லை. பேச வேண்டியதைப் பேச முறையான நேரம் கிடைக்காதவர்கள் அவையின் மையப்பகுதிக்கு இறங்குகிறார்கள். அதற்குத் தண்டனை இடைநீக்கம். 2023 டிசம்பரில், நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சர் அறிக்கை தர வேண்டும் என்று கேட்டுப் போராடிய 146 உறுப்பினர்கள் இரு அவைகளிலும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் பெயரில் பட்டியலிடப்பட்டிருந்த கேள்விகளும் நீக்கப்பட்டன. அவர்கள் வெளியே இருந்த அதே வாரத்தில் இந்தியத் தண்டனைச் சட்டம் உள்ளிட்டவற்றுக்கு மாற்றான புதிய குற்றவியல் சட்டங்கள் நிறைவேறின. அவற்றின் முந்தைய வடிவங்கள் நிலைக்குழுவுக்குப் போய் வந்தவை என்பது உண்மை. ஆனாலும் அவையில் எதிர்க்குரலின் பெரும்பகுதி இல்லாமல் நிறைவேறின என்பதும் உண்மை.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பிரிட்டன் மக்கள் சபையில் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் 20 நாள்கள் எதிர்க்கட்சிகளுக்கு உரியவை. அன்று பொருளை அவர்களே தீர்மானிக்கிறார்கள், அரசு உட்கார்ந்து பதில் சொல்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் பிற்பகலையாவது நாமும் அப்படி ஒதுக்கலாம். அமர்வு நாள்களைக் கூட்ட வேண்டும்: முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள்கள் கூடியது, 17-ஆவது மக்களவை 55 நாள்கள். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதம் கடக்கக் கூடாது என்பதைத் தவிர அரசியல் சட்டம் நாள்கணக்கு எதையும் சொல்லவில்லை; ஆண்டின் தொடக்கத்திலேயே அட்டவணையை அறிவித்துவிட்டால் சங்கடமான நேரத்தில் கூட்டத்தொடரைச் சுருக்குவது கடினமாகும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, காலையில் கேள்வி நேரம் முடங்கினால் அதே மாலை ஆறு மணிக்கு அது நடந்தே தீர வேண்டும், அமைச்சர் காத்திருக்க வேண்டும் என்று விதி வர வேண்டும். அமளியால் அரசுக்கு ஆதாயம் இல்லை என்றானால் அமளியைத் தணிக்க அரசும் முயலும். இவற்றில் எதிர்க்கட்சி நாளுக்கும் மாலைக் கேள்வி நேரத்துக்கும் அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. 118-ஆவது பிரிவு ஒவ்வொரு அவையும் தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது. விதிகள் குழு கூடி, பரிந்துரைத்து, அவை ஏற்றால் அடுத்த கூட்டத்தொடரிலேயே நடைமுறைக்கு வரலாம்.